பெட்டி மூடியாச்சு

குரூ, அக்டோபர் 9

அன்பு மகள் மிர்த்தாவுக்கு,

முதலில் ஒன்றைச் சரி செய்துவிடுகிறேன். உங்கள் விண்கலத்தை ஏற்றி வந்த வண்டிக்கு முன்னால் நான் நடுரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்ததாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சந்தையில் மீன்காரி என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். அது பொய். நான் ரோட்டோரம் நின்றேன். உட்காரவில்லை. கையில் குடை இருந்தது, வெயிலுக்காக விரித்திருந்தேன். அதைக் காவலர் மேல் வீசியதாகச் சொல்வதும் பொய். மடத்துப் பள்ளியில் படித்தவள் ரோட்டில் குடை வீசமாட்டாள்.

நடந்தது இதுதான். பூசை முடிந்து வரும்போது மோட்டார் சைக்கிள் காவலர்கள் எல்லாரையும் ஓரமாக நிறுத்தினார்கள். துறைமுகப் பக்கமிருந்து அந்த நீள வெள்ளைப் பெட்டி வந்தது, நடந்து போகிறவன் முந்திவிடக்கூடிய வேகத்தில். பக்கத்து வீட்டுத் தெயோதூல் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து நாலைந்து பேர் போட்டார்கள்.

"யாரு போயிட்டாங்க மேடம்? பெரிய எடம் போல இருக்கே" என்று கேட்டார்.

யாரும் போகவில்லை, செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பப் போகிற இயந்திரம் என்றேன்.

"திரும்பி வருமா?"

வராது என்றேன்.

"அப்ப நான் செஞ்சது சரிதான்" என்று சொல்லி, அது கண்ணுக்கு மறையும்வரை தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தார்.

நான் சிலுவை போடவில்லை. ஆனால் என்னைக் கடக்கும்போது அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. உஸ்ஸென்று, விட்டு விட்டு. உன் அப்பா கடைசி மாதங்களில் மூக்கில் குழாயோடு இழுத்த மூச்சு அது. நீ அதைக் கேட்டதில்லை. கேட்டதும் என் கால் தானாக ஓரடி முன்னால் போனது. மறியல் என்று இவர்கள் சொல்வது அந்த ஓரடியைத்தான்.

பின்னால் வந்த காரில் நீ இருந்தாய். இத்தனை வருஷத்துக்குப் பிறகு உன்னைப் பக்கவாட்டில் பார்த்தேன். மெலிந்திருக்கிறாய். நீ திரும்பவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் முதல் தேதி, அனைத்துப் புனிதர் திருநாளுக்கு பெலாசூர் கல்லறைக்குப் போகும் பஸ் இந்த வருஷம் கிடையாதாம். அன்றுதான் உங்கள் கலத்துக்கு எரிபொருள் ஏற்றுகிறார்களாம். மூன்றாம் தேதி வரை பாதை அடைப்பு என்று அறிவிப்பு வந்திருக்கிறது. உன் அப்பா பிறந்த ஊரை ஏவுதளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கல்லறையை மட்டும் விட்டுவைத்து, வருஷத்துக்கு ஒருமுறை எங்களை உள்ளே விட்டார்கள். இந்த முறை அதுவும் இல்லை.

அந்த மாலையில் விளக்கில்லாமல் கிடப்பவர்கள் விளக்கைத் தேடி வீட்டுக்கே வந்துவிடுவார்கள் என்று உன் அப்பா சொல்வார். நான் அதை நம்புகிறவள் இல்லை. சிஸ்டர்கள் எங்களை அப்படி வளர்க்கவில்லை. ஆனால் அவர் நம்பினார். படுத்திருப்பது அவர்.

நீ உள்ளேயே வேலை செய்கிறாய். அன்று மாலை அவருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிடு. வேறொன்றும் கேட்கவில்லை.

தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்யும் லூசெத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஃபோன் செய்யாதே. ஃபோனில் பேசியது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

உன் தாய்,
திருமதி யூலாலி பெர்த்ரோ


ஏவுதளம், அக்டோபர் 13

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை லூசெத் சூப்புக் கிண்ணத்துக்கு அடியில் வைத்துத் தந்தாள். "பதில் இல்லாம என் வீட்டுப் படி ஏறாதேன்னுட்டாங்க. எனக்கு உங்கம்மாகிட்ட பயம், சீக்கிரம் எழுதுங்க" என்று நின்றுகொண்டே இருந்தாள்.

நான் உங்களைப் பார்த்தேன். குடையைத்தான் முதலில் பார்த்தேன். என் மடியில் ஒரு திரை இருந்தது. பெட்டிக்குள் போகும் வாயுவின் அழுத்தம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணெடுக்க எனக்கு அனுமதி இல்லை. வெளிக்காற்றும் ஈரமும் புகாமலிருக்க, ஈரமில்லாத வாயுவை உள்ளே செலுத்திக்கொண்டே வருவோம். மிஞ்சியது ஒரு துளை வழியாக வெளியேறும். நீங்கள் கேட்ட சத்தம் அது. அப்பா இல்லை, அம்மா.

என் வேலை என்னவென்று நீங்கள் கேட்டதில்லை. இங்கிருந்து உயிருள்ள எதுவும் அங்கே போய்விடாமல் பார்ப்பது. பஞ்சால் கலத்தைத் தொட்டுத் தொட்டு எடுத்து, அதில் ஏதாவது கிருமி முளைக்கிறதா என்று பார்ப்போம். பவுடர், வாசனைத் தைலம், நகப்பூச்சு எதுவும் கூடாது. மெழுகுவத்திப் புகை தலைமுடியில் பட்டிருந்தால் அன்று கலம் இருக்கும் கூடத்துக்குள் விடமாட்டார்கள். எரிபொருள் ஏற்றும் நாளில் பையில் தீக்குச்சி இருந்தாலே வேலை போய்விடும். அதனால் உங்கள் காரியத்தை என்னால் செய்ய முடியாது.

இன்னொன்று. நாங்கள் வேலை செய்யும் கூடம், அப்பாவின் வீட்டு மாமரம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வடிகட்டிய காற்று கூரையிலிருந்து இறங்கித் தரையோடு போய்விடும். அங்கே எந்த வாசனையும் தங்காது. ஆனாலும் மாலையில் ஆட்கள் குறைந்ததும் எனக்கு நனைந்த பலகை வாசனை வருகிறது. அப்பாவின் படகு வாசனை. கருவிகள் ஒன்றும் காட்டவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்த அன்று ஃபோன் செய்தேன். விமான டிக்கெட் கையில் இருந்தது. "பெட்டி மூடியாச்சு. இனிமே வந்து என்ன?" என்றீர்கள்.

ஃபோனில் பேசியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மிர்த்தா


குரூ, அக்டோபர் 19

மிர்த்தாவுக்கு,

உன் கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது, திருத்திவிட்டேன். மாமரம் என்ற சொல்லிலேயே ஒன்று.

பெட்டி மூடியாச்சு என்று சொன்னேன். மூடித்தான் இருந்தது. அந்தச் சூட்டில் காத்திருக்க முடியாதென்று தச்சர் மூடிவிட்டார். நடந்ததைச் சொன்னேன். வராதே என்று நான் சொல்லவில்லை. அது நீயாகக் கேட்டுக்கொண்டது. அன்று காலையிலேயே உன் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தேன். எட்டாம் நாள் ஜெபம் முடிந்த பிறகுதான் எடுத்து மடித்தேன்.

ஏற்ற முடியாதென்றால் முடியாது. விதியை மீறச் சொல்லும் தாய் நான் இல்லை.

ஆனால் அவர் எப்படி வைப்பார் என்பது உனக்கு நினைவிருக்கும். நான் கண்ணாடிக் கிண்ணத்தில் வைப்பேன், மடத்தில் வைப்பது போல. அவருக்கு அது பிடிக்காது. நம் வீட்டுத் திருவோட்டு மரத்துக் காயைப் பிளந்து, அந்த ஓட்டில் ஆற்று மணல் நிரப்பி, மூன்று மெழுகுவத்தியை நெருக்கி நட்டு, காற்று வரும் பக்கம் விளிம்பு உயரும்படி சாய்த்து வைப்பார். "உன் கண்ணாடி கும்பிடத்தான் லாயக்கு, எரியறதுக்கு இல்ல" என்பார். நான் படகுக்காரன் புத்தி என்பேன். அவருடைய ஓடு ஒன்று இன்னும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. நான் அதைத் தொடுவதில்லை.

சத்தம் வாயுவினுடையது என்கிறாய். படித்தவள் சொல்கிறாய், சரி. ஆனால் அந்தப் பெட்டி ஊரைக் கடந்த நாளிலிருந்து உன் அப்பாவின் நாற்காலி தளத்துப் பக்கத்து ஜன்னலை நோக்கித் திரும்பியிருக்கிறது. காலையில் நேராக்குகிறேன். மறுநாள் காலை மறுபடி அப்படியே. பூனை தள்ளியிருக்கும் என்கிறாள் லூசெத். நம் வீட்டில் பூனை இல்லை.

மரவள்ளி வறுவல் மாவு கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். உங்கள் கூடத்துக்குள் கொண்டுபோகாதே.

உன் தாய்,
திருமதி யூலாலி பெர்த்ரோ


ஏவுதளம், நவம்பர் 2

அம்மா,

எரிபொருள் ஏற்றியாகிவிட்டது. ஆனால் நேற்று நடந்ததை வேறு யாரும் உங்களிடம் சொல்வதற்கு முன் நான் சொல்லவேண்டும்.

அந்த எரிபொருள் விஷம். ஏற்றும்போது உடம்பை முழுக்க மூடும் உடைக்குள் இருப்போம். மூச்சுக்காற்று குழாயில் வரும். அப்படிப் பயிற்சி பெற்று நேற்று உள்ளே போன மூன்று பேரில் நானும் ஒருத்தி. உள்ளே நம் மூச்சைத் தவிர வேறெதுவும் கேட்காது. உஸ்ஸென்று, விட்டு விட்டு. நீங்கள் சொன்ன சத்தம் அம்மா. இப்போது நானும் கேட்டுவிட்டேன்.

பாதி வேலையில் எனக்கு வாசனை வந்தது. மெழுகுவத்தி. இப்போதுதான் ஊதி அணைத்தது போல.

உடைக்குள் எந்த வாசனை வந்தாலும் உடனே சொல்லவேண்டும். சொன்னால் வேலை நிற்கும், என் மேல் கேள்வி வரும். சொல்லாமலிருந்து, உண்மையிலேயே எங்காவது கசிந்திருந்தால், மற்ற இருவரும் செத்துப்போவார்கள். சொன்னேன்.

காதுக்குள் கேட்டார்கள், "என்ன வாசனை?"

"மெழுகுவத்தி."

பிறகு ஒருவர், "யாருக்காவது பொறந்த நாளா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

எல்லாவற்றையும் நிறுத்திச் சோதித்தார்கள். எங்கும் கசிவு இல்லை. மூன்று மணிக்கு என்னை வெளியே கொண்டுவந்து மருத்துவரிடம் உட்காரவைத்தார்கள். ரொம்பக் களைப்பு, போய்ப் படுங்கள் என்றார். எனக்குப் பதில் வேறொருவர் உள்ளே போனார். இனி இந்தக் கலத்தைத் தொட எனக்கு அனுமதி இல்லை. எட்டு வருஷம் தூசி படாமல் பார்த்துக்கொண்டேன். கடைசியில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறேன். யாரும் திட்டவில்லை. எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள், அதுதான் தாங்க முடியவில்லை.

நாளை மறுநாள் அதன் மேல் ராக்கெட்டின் மூக்குக் கூம்பைப் போட்டு மூடிவிடுவார்கள். அதன் பிறகு அதை இந்த உலகத்தில் யாரும் பார்க்கமாட்டார்கள்.

மாவு தீர்ந்துவிட்டது.

மிர்த்தா


குரூ, நவம்பர் 5

என் அருமை மகள் மிர்த்தாவுக்கு,

மறுபடியும் ஊர் வாயைத் திருத்த வேண்டியிருக்கிறது. இந்த முறை நான் வேலி தாண்டித் தளத்துக்குள் போனதாகச் சொல்கிறார்கள். முந்தாநாள் ஒரு காவலர் வீட்டுக்கே வந்துவிட்டார், சின்ன வயசு, மரியாதையான பையன். திருநாள் சாயங்காலம் எங்கே இருந்தீர்கள் என்றார். "கோயில்ல. நீயும் அங்கதான் இருந்திருக்கணும்" என்றேன். பெலாசூர் கல்லறைப் பக்கம் வெளிச்சம் தெரிந்ததாம். காவல் கோபுரத்திலிருந்து இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். எரிபொருள் கூடத்திலிருந்து நல்ல தூரம், ஆபத்தொன்றும் இல்லை, ஆனாலும் கேட்கவேண்டிய கடமை என்றார்.

"இந்த முட்டியோட நான் உங்க வேலியத் தாண்டினேன்னு எழுதிக்க. கையெழுத்துப் போடறேன். எனக்கும் பெருமைதான்" என்றேன். முட்டியைப் பார்த்துவிட்டு, எழுதாமல் போய்விட்டார்.

தெயோதூலுக்குச் சந்தேகமே இல்லை, அது உன் அப்பாதானாம். "ஒனெசிம் எப்பவுமே அப்படித்தான் மேடம். அடுத்தவன் ஏத்தி வைப்பான்னு உக்காந்திருக்கற ஆளா அவன்?" என்கிறார்.

நேற்றுப் பாதை திறந்தார்கள், விட்டுப்போன திருநாளுக்காக எங்களைக் கல்லறைக்கும் விட்டார்கள். முதல் பஸ்ஸில் போனேன். உன் அப்பாவின் தலைமாட்டில் திருவோட்டு ஓடு ஒன்று இருந்தது. ஆற்று மணல். நெருக்கி நட்ட மூன்று மெழுகுவத்தி, அடிவரை எரிந்திருந்தன. காற்றுப் பக்கம் விளிம்பு உயர்ந்திருந்தது. சுற்றிலும் மற்றக் கல்லறைகளில் ஒரு சொட்டு மெழுகுகூட இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், இந்த முறை உட்கார்ந்தேன். அதை வேண்டுமானால் ஊர் சொல்லிக்கொள்ளட்டும்.

உனக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. திருநாள் மாலை கோயிலிலிருந்து திரும்பியபோது சமையலறைக் கதவு பூட்டாமல் இருந்தது. நான் பூட்டாமல் போகிறவள் இல்லை. கதவுக்குப் பின்னால் ஆணி காலியாக இருந்தது. சாவி தண்ணீர்ச் சாடிக்கு அடியில் எப்போதும் போலவே இருந்தது. அது அங்கே இருக்குமென்று என்னைத் தவிர இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பெலாசூரில் படுத்திருக்கிறார்.

உன் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். இந்த முறை பிழை இல்லை. ஆனால் மூன்று மணிக்கு உன்னை வெளியே கொண்டுவந்தார்கள், போய்ப் படுக்கச் சொன்னார்கள் என்பதோடு அந்த நாள் நின்றுவிடுகிறது. படுத்தேன் என்று நீ எழுதவில்லை. பிழை திருத்தத் தெரிந்தவளுக்கு விடுபட்டதும் தெரியும். அதே சமயம், அடைத்த பாதையில், காவலர்களைத் தாண்டி, விடுதியிலிருந்து கால்நடையாக ஒரு பெண் எப்படிப் போயிருக்க முடியும் என்றும் எனக்குப் புரியவில்லை. நீ மூடிய உடைக்குள் முகர்ந்த புகை எங்கிருந்து வந்தது என்பதும் புரியவில்லை. அப்போது அங்கே யாரும் எதையும் ஏற்றியிருக்கவில்லை.

நீதான் என்றால், விதியை மீறியிருக்கிறாய். நான் யாரிடமும் சொல்லமாட்டேன். என் சமையலறை வரை வந்துவிட்டு நான் திரும்பும்வரை இருக்காமல் போனாயே என்றுதான் கோபம். நீ இல்லையென்றால், இனி மாலையில் கதவைத் திறந்து வைக்க வேண்டியது யாருக்காக என்று எனக்குத் தெரியவேண்டும். எதுவானாலும் பயமில்லை. நாற்காலியை நான் நேராக்குவதை நிறுத்திவிட்டேன்.

கூம்பு போட்டாயிற்று என்று லூசெத் சொன்னாள். உன் பெட்டியும் மூடியாச்சு. இனிமேல் வந்து என்ன என்று நான் கேட்கமாட்டேன். அது மேலே போன மறுநாளே உங்களை விமானம் ஏற்றிவிடுவார்களாம். அதற்கு முன் வா. கட்டிலுக்கு விரிப்பு போட்டாயிற்று.

ஆனால் வருவதற்கு முன் ஒன்று. ஓட்டை எடுத்துப் போய் ஏற்றியது நீயா, இல்லையா? ஒரு வரி போதும். மையால் எழுதி லூசெத்திடம் கொடுத்தனுப்பு.

அம்மா