மலை இருந்த இடத்தில் ஒரு வீடு

என்னவருக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். நானும் நம் வாலுவும் நலம். அவளுக்கு முன்பல் ஆடுகிறது. வேறு நல்ல செய்தி எதுவும் இல்லை.

நீங்கள் வெளிநாட்டிலிருந்து போனில் பேசினால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும், உடனே நீங்கள் "சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிடுவீர்கள். மெசேஜ் போட்டால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை உங்களால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை துணியை மிஷினில் போட்டுவிட்டு, வாலுவை மடியில் உட்காரவைத்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். கட்டைகளை அடுக்கிக் கட்டும் அந்த விளையாட்டில் நம் மூவருக்கும் என்று ஓர் உலகம் வைத்திருந்தோமே, அதற்குள் போனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. மலையைக் காணோம். ஆற்றைக் காணோம். கண்ணுக்கெட்டிய வரை ஒரே சமதரை. நடுவில் மூன்று மாடி வீடு. வாசலில் ஒரு பலகை. வாலு இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியிருக்கிறாள், எதைக் கண்டாலும் படிப்பாள். அதையும் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தாள். "இது நம்ம வீடு. கான்ட்ராக்ட்ட இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிட்டேன். கோவிச்சுக்காத."

படித்துவிட்டு, "ரெண்டு வருஷம்னா எத்தனை ஞாயித்துக்கிழமைம்மா?" என்று கேட்டாள். நீங்களே அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.

என்னிடம் நேராகச் சொல்ல உங்களுக்குத் தைரியம் இல்லை, சரி. ஆறு வயதுக் குழந்தை வாயால் அதை என்னிடம் சொல்ல வைத்தீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இனி அந்த மலை விஷயத்துக்கு வருகிறேன். அது ஏழு மாத வேலை. நீங்கள் முதலில் போட்ட மலை ஞாபகம் இருக்கிறதா? கவிழ்த்து வைத்த வாளி மாதிரி நாலு பக்கமும் ஒரே அளவு. அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் வாலு தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டாள். பல்செட் செய்கிறவளிடம் வந்து அப்படி ஒன்றைக் காட்டலாமா? லேபில் நான் முதல் வாரம் கற்றுக்கொண்டதே அதுதான். எல்லாப் பல்லும் ஒரே வரிசை, ஒரே வெள்ளை என்று இருந்தால் பொய்ப்பல் என்று பத்தடி தள்ளியே தெரிந்துவிடும். ஒன்று லேசாகத் திரும்பியிருக்க வேண்டும், ஒன்று கொஞ்சம் மஞ்சளாக, ஒன்றின் ஓரம் தேய்ந்து. அப்போதுதான் அந்த வாய்க்கு அது சொந்தமாகும்.

மலையையும் அப்படித்தான் கட்டினேன். ஒரு பக்கம் செங்குத்து, மறு பக்கம் சரிவு. ஒரு படி ஒரு கட்டை உயரம் என்றால் அடுத்தது மூன்று, அதற்கடுத்தது இரண்டு. சாம்பல் கல்லுக்கு நடுவே சரளை, நிழல் விழும் இடத்தில் பாசிக்கல். ஆறு வளைகிற இடத்தில் வெளிக்கரையை ஆழமாக அரித்து, உள்கரையில் மணல் சேர்த்தேன். மரங்களை வரிசையாக நடாமல் கண்ணை மூடிக்கொண்டு நட்டேன். பட்டுப்போன மரம் ஒன்றையும் சாய்த்து வைத்தேன். நிஜ மலை என்று நினைத்து வாலு அதன் மேல் ஏறப் பயந்தாள்.

நீங்கள் அதை ஒரு வெள்ளிக்கிழமை லீவில் வழித்து எறிந்துவிட்டீர்கள். பகலெல்லாம் புல்டோசர் ஓட்டி ஓட்டி, எங்கே மேடு தெரிந்தாலும் உங்கள் கை பரபரக்கிறது. வீடு கட்டணும் என்றால் முதலில் தரையை மட்டம் பண்ணணும், அவ்வளவுதானே உங்களுக்குத் தெரியும்? மலைச்சரிவிலும் வீடு நிற்கும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இடம் காட்டியிருப்பேன். எதைத்தான் கேட்டீர்கள்?

ஆசையாகத்தான் கட்டியிருக்கிறீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. வாலுவுக்கு மாடியில் தனி அறை, சிவப்புக் கட்டில். எனக்குப் பின்பக்கம் பெரிய ஜன்னல். அந்த ஜன்னலில் நின்று பார்த்தேன். நீங்கள் வழித்துப்போட்ட தரைதான் தெரிந்தது.

அருவி என்ன ஆயிற்று? மலை உச்சியில் அந்த இடத்தை மட்டும் யாருக்காக விட்டு வைத்திருந்தேன்? அடுத்த மாதம் பதினான்காம் தேதி கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்கு வந்ததும் இதே அறையில் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து கட்டலாம் என்று சொன்னது நீங்கள். அதற்காகவே இன்னொரு நாற்காலி வாங்கினேன். இப்போது அதில் மடித்த துணி உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் அக்காவிடம் சொன்னேன். "விளையாட்டுக்குப் போய் இவ்வளவு கோவமா? உனக்காகத்தானே அவன் அங்க கிடந்து கஷ்டப்படறான்" என்றார். எனக்காக என்றால் என்னைக் கேட்க வேண்டாமா என்று கேட்டேன்.

இன்னொன்று. பள்ளியில் குடும்பத்தை வரையச் சொல்லியிருக்கிறார்கள். வாலு உங்களுக்கு, அந்த விளையாட்டில் வரும் உங்கள் பொம்மை மாதிரியே, சதுரத் தலை, சதுரக் கை போட்டிருக்கிறாள். அப்பா முகம் ஏன் இப்படி என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்க அப்பா அப்படித்தான் இருப்பார்" என்று சொல்லியிருக்கிறாள். நீங்கள் போனபோது அவளுக்கு மூன்று வயது. டீச்சர் சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். அந்த உலகத்தின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். உங்களால் இனி உள்ளே வர முடியாது. எத்தனை முறை கேட்டாலும் போனில் சொல்ல மாட்டேன். அங்கே வந்து நின்றுவிட்டு, குடும்பத்தோடு இருந்துவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டது போதும்.

வீட்டை இடிக்கவில்லை. இடிப்பது உங்கள் வேலை, என் வேலை அல்ல. அதன் பின்னால் மலையை மறுபடி எழுப்பிக்கொண்டு வருகிறேன். அருவிக்கான இடம் இந்த முறையும் காலியாகத்தான் இருக்கும்.

நாளைக்கே உங்கள் மேனேஜரிடம் போங்கள். "பொண்டாட்டிய கேக்காம கையெழுத்து போட்டுட்டேன், அத கிழிச்சுப் போடுங்க" என்று சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். உங்களுக்காக நான் எத்தனையோ பேர் சிரிப்பைத் தாங்கியிருக்கிறேன்.

சுவர்க் காலண்டரில் பதினான்காம் தேதியைச் சுற்றி வாலு போட்ட வட்டம் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலண்டரையே கழற்றப் போனேன், அவள் விடவில்லை. இன்று காலையும் சிவப்புப் பென்சிலால் ஒரு நாளை அடித்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போனாள்.

வண்டியிலிருந்து இறங்கும்போது குதிக்காதீர்கள், உங்கள் முழங்கால் பழைய முழங்கால் இல்லை. உடம்புக்கு ஒன்றும் வராமல் நல்லபடியாக வந்து சேருங்கள். அந்த நாற்காலியில் இருந்த துணியை எடுத்துவிட்டேன்.

கோபம் கொஞ்சமும் குறையாத,
உங்கள் மனைவி