ஸ்டாப்பிங்கில் நிற்கிறேன்

மார்த்தாள்,

நாலு மணிக்கே எழுந்து காக்கியை மாட்டிக்கொண்டு டெப்போ வரை போய்விட்டேன். "இன்னிக்கு வண்டி ஓடாது, ரோட்ல நடக்கறவங்களும் சைக்கிளும்தான். பெட்ரோல் டீசல் மிச்சம் புடிக்கிறாங்க. வூட்டுக்குப் போங்கண்ணே" என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பினான். டெப்போவில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படித்திருந்தும் மறந்துவிட்டது.

திரும்பி வந்தால் நீ இல்லை. மாதா கோயில் பூசைக்குத்தான் போயிருப்பாய் என்று பின்னாலேயே நடந்தேன். பதினோரு வருஷமாக பஸ் ஓட்டுகிற ரோடு, நடந்தால் எந்தத் திருப்பம் என்றே பிடிபடவில்லை. குடியிருப்பில் எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி. யார் வீட்டு கேட்டையோ திறந்துவிட்டேன். ஜனங்கள் நடுரோட்டில் சிரித்துப் பேசிக்கொண்டு போகிறார்கள். நான் மட்டும் ஓரமாக ஒதுங்கி நடந்து, கோயிலைக் கண்டுபிடிக்காமலே வீடு திரும்பினேன்.

பால் காய்ச்சி மூடியிருக்கிறேன். சர்க்கரை போட்டேனா என்று ஞாபகமில்லை, ருசி பார்த்துக்கொள்.

இந்தச் சீட்டை உள்ளே வைத்துப் பூட்டிய பிறகுதான், சாவி இல்லாமல் நீ எப்படிப் படிப்பாய் என்று உறைத்தது. இப்போது திறந்து எடுத்து ஜன்னல் கம்பியில் செருகுகிறேன். சாவி பக்கத்து வீட்டு இசக்கியம்மாளிடம்.

நேற்று நீ கேட்டாயே, "'ஓட்டுநருடன் பேசாதீர்கள்'னு பஸ்ல இருக்கிற பலகைய வூட்லயும் மாட்டிகினீங்களா?" என்று. வீட்டில் உட்கார்ந்தால் இன்றைக்கும் வாய் திறக்காது. அதனால் நம் பிளாக் ஸ்டாப்பிங்கில் நிற்கிறேன். நீ வந்தால் நடப்போம். வழி நீதான் சொல்ல வேண்டும்.

சவரிமுத்து

பி.கு.: பஸ் வராத நாளில் ஏன் நிற்கிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? சீக்கிரம் வா. ஸ்டாப்பிங்கில் அந்தப் பலகை இல்லை.