சில்லென்ற லேப்டாப்பில் எழுபது டிகிரி

12 ஜனவரி 2008, சனி

இன்று நான் ஜெயித்துவிட்டேன். இதை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

ஒரு வாரமாக என் வீட்டுக்காரருடைய லேப்டாப்பில் பிராசஸர் சூடு தொண்ணூறைத் தாண்டியதாகக் காட்டி அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. டேபிள் ஃபேனை வைத்தார். என் கரித்துணியை நனைத்து அடியில் விரித்தார். ஓசூர் கடைக்காரர் உள்ளே இருக்கும் மதர்போர்டையே மாற்றச் சொல்லிவிட்டார். லேப்டாப்பை இன்று கடையில் கொடுத்திருந்தால், இவர் அதில் வரைந்து திங்கட்கிழமை ஆபீஸில் கொடுக்கவேண்டிய டிராயிங் நின்றுபோயிருக்கும். அப்புறம் இவருடைய வேலைக்கே ஆபத்து வந்திருக்கும்.

கம்பெனியில் ஷிப்ட் தொடங்கியதும் நாங்கள் முதலில் அளவுக் கருவியான கேஜ், எதையும் அளக்காதபோது ஜீரோ காட்டுகிறதா என்று பார்ப்போம். பிறகுதான் எதையும் அளப்போம். வீட்டில் இந்தப் புத்தி எனக்கு நேற்றுதான் வந்தது. லேப்டாப்பை அணைத்து ராத்திரி முழுக்க ஜன்னலோரம் வைத்தேன். காலையில் நல்ல பனி. ஆன் செய்ததுமே எழுபது காட்டியது.

"ஏங்க, அடியில தொட்டுப் பாருங்க. இதுவா எழுபது?"

தொட்டார். "ஐஸ் மாதிரி இருக்குதே!"

"அப்ப போர்டு நல்லாத்தான் இருக்குது. சூடு காட்டுற புரோகிராம்தான் பொய் சொல்லுது. ஜீரோவே தப்பு."

வேறொரு புரோகிராம் போட்டுப் பார்த்தார். முப்பது. ஃபேன் இல்லாமல் நாள் முழுக்க வேலை செய்து, டிராயிங்கையும் முடித்துவிட்டார்.

சாயங்காலம் கடைக்காரருக்குப் போன் செய்து, "நாங்களே கண்டுபிடிச்சுட்டோங்க" என்றார்.

நாங்களாம்!

போகட்டும். என் கரித்துணி சமையலறைக்குத் திரும்பி வந்துவிட்டது.