மரம் துப்பிய மருந்து

பெரியவளின் அம்மாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், ஒரு கண்ணைத் தவிர.

பயப்படாதே. பழமரங்களைப் பூச்சி அரிக்காமலிருக்க அடிமரத்தில் துளை போட்டு ஊசியால் மருந்து ஏற்றுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? தண்ணீர் பாய்ச்சிய மரம்தான் மருந்தை இழுக்கும். போன வாரம் ஒரு காய்ந்த மரம் இழுக்க மறுத்தது. உன் புருஷன்தான் மேதாவி ஆயிற்றே, கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஊசியின் பிடியை இன்னும் அழுத்தினேன். மரம் அத்தனையையும் என் முகத்தில் துப்பிவிட்டது. இத்தனை வருஷமாக நீ செய்ய நினைத்ததுதான்.

மேஸ்திரி ஓடிவந்து தண்ணீரை ஊற்றிக் கழுவினார். "யோவ், மரத்துக்கு நீ ஊசி போட்டியா, இல்ல மரம் உனக்குப் போட்டுச்சா?" என்றார். நானும் சிரித்தேன். வலது கண்ணுக்கு மட்டும் அவர் புகைக்குள் நிற்பதுபோல் தெரிந்தார்.

டாக்டர் கட்டுப் போட்டிருக்கிறார். பிரிக்க இன்னும் நாளாகுமாம். பார்வை வருமா என்று கேட்டால், "பாக்கலாம்" என்கிறார். அதனால்தான் போனில் முகம் காட்டாமல் எழுதுகிறேன். என் அம்மாவிடம் சொல்லாதே.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். நீ உடனே ஒரு கடிதம் போடு. கட்டுப் பிரித்ததும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அதைத்தான் முதலில் படித்துப் பார்க்கப் போகிறேன். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

உன் வீட்டுக்காரன்