வெள்ளைக் கோடும் விளக்குமாறும்

ஜூன் 8, திங்கள்
விடாத தூறல். கிளினிக்குக்கு வேலைக்குப் போகிற மெயின் ரோட்டில் இடது ஓரமாகப் புது வெள்ளைக் கோடு. உள்ளே சைக்கிள் படம். டாக்டரம்மா சொன்னார்: "மல்லிகா, இனிமே உனக்கு ராஜபாட்டைதான்." அசட்டுச் சந்தோஷம், என்னவோ நானே கேட்டு வாங்கின மாதிரி.
வாங்க வேண்டியது: புளி, ரப்பர் பேண்ட், இவருக்கு மூட்டுவலித் தைலம்.

ஜூன் 9, செவ்வாய்
ராஜபாட்டையில் இன்று இருந்தவை: ஆட்டோ இரண்டு, இளநீர் வண்டி, குப்பை மூட்டை, தூங்குகிற நாய். ஒவ்வொன்றுக்கும் கோட்டை விட்டு வெளியே வந்து சுற்ற வேண்டியிருந்தது. பின்னால் பஸ் டிரைவர் தலையை நீட்டி, கன்னடத்தில், "லைன் ஒளகே ஹோகம்மா!" உள்ளேயாம். எங்கே, இளநீர்க் குலைக்கு மேலேயா? கேட்டேன். அதற்குள் போய்விட்டான்.

ஜூன் 10, புதன்
விழுந்தேன். பஸ் இடிக்கவில்லை. சட்டையை உரசுகிற மாதிரி போச்சு, பயத்தில் ஹேண்டில் திரும்பி சாக்கடை ஓரம். இடது முழங்கை, முட்டி. நான் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தேன். பெரிதாக எழுதி வைக்கிறேன்: உள்ளே.

இவர் தைலம் போட்டுவிட்டார். இருபது வருஷமாகப் பஸ் ஓட்டுகிற கை, மெதுவாகத் தேய்க்கத் தெரியாது. "இன்னொரு தடவ விழுந்தா சைக்கிள் கெடையாதுன்னு போன மாசமே பேசினோம் இல்ல? ஞாயித்துக்கெழம பழைய சைக்கிள் கடைக்காரர வரச் சொல்லிட்டேன்."

"கோடு போட்டுமா இப்படி?" என்றேன்.

"கோடு இல்லாதப்ப சைக்கிளப் பாத்து ஒதுங்குவோம். இப்ப கோட்டப் பாத்து ஓட்டறோம். அதத் தாண்டலன்னா எங்க மேல தப்பில்ல."

சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் எங்கே? பதினோரு வருஷம் யாரிடமும் 'கொண்டு விடு' என்று கேட்காமல் போய் வந்திருக்கிறேன். இந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான். தரமாட்டேன்.

ஜூன் 11, வியாழன்
வெயில். காலையில் பெருக்கும்போது விளக்குமாறு இவர் யூனிஃபார்மில் லேசாகப் பட்டுவிட்டது. ஒரே தாவல், மூன்றடி! "டூட்டிக்குப் போற நேரத்துல தொடப்பம் படலாமாடி?" போய்க் காலைக் கழுவினார். தினம் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிற மனுஷன்.

அந்த மூன்றடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பால் பொங்கி வழிந்தது.

கேரியரில் தென்னந்துடைப்பத்தைக் குறுக்காக வைத்துக் கட்டினேன். குச்சிப் பக்கம் வலது கைப்புறம், ஒரு முழம் வெளியே.

ஜூன் 12, வெள்ளி
வெற்றி, வெற்றி. வெள்ளிக்கிழமை வேறு, எவனுக்குத் துடைப்பம் பட மனசு வரும்? ஒரு வண்டி கிட்டே வரவில்லை. நாய்க்காகக் கோட்டை விட்டு வெளியே வந்தேன், அப்போதும் பஸ் ஒதுங்கித்தான் போச்சு. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த ஆள்: "தள்ளிப் போடா, தொடப்பம் படப் போவுது!" கோட்டைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. டாக்டரம்மா சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தத் துடைப்பத்தைக் கொஞ்சம் மறைவா நிறுத்தும்மா." மாட்டேன். வாசலிலேயே நிறுத்தினேன்.

ஜூன் 13, சனி
டெப்போ வரைக்கும் சேதி போய்விட்டது. இவர் சோற்றைத் தொடவில்லை. "சேகர் சம்சாரம் தொடப்பத்த நீட்டிக்கினு வருதுன்னு கேண்டீன்ல சிரிக்கிறானுங்க. இன்னா வேலை இது? என் மானம் போவுது."

"உங்க ஆளுங்க உரசாம போனா நான் ஏன் கட்டப் போறேன்? மானம் பெரிசா, நான் பெரிசா?"

தரையை விரலால் தடவிப் பார்த்தார். "வீடு பெருக்கி ரெண்டு நாள் ஆச்சு."

ஆமாம், ஆச்சு. இருப்பது ஒரு துடைப்பம்.

ஜூன் 14, ஞாயிறு
இவருக்கு டூட்டி. பத்து மணிக்குக் கடைக்காரர் வந்தார், டயரை அமுக்கிப் பார்த்தார். "எடுத்துட்டுப் போறதுன்னா என்னையும் சேத்து ஏத்திக்கிட்டுப் போங்கண்ணா" என்று கேரியரில் உட்கார்ந்துவிட்டேன். "வீட்டுக்காரர் வரட்டும்மா" என்று போய்விட்டார். மத்தியானம் ரசம் சாதம், உப்பு போட மறந்துவிட்டேன்.

ஆறரைக்கு இவர் வந்தார். கக்கத்தில் பேப்பர் சுற்றின நீளமான கட்டு. சமையலறை மூலையில் சாத்தினார். புதுத் துடைப்பம்.

"இது வீட்டுக்கு" என்றார்.

பேப்பரைப் பிரித்துக்கொண்டே கேட்டேன், "இத எதுல கொண்டு வந்தீங்க?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், என் பக்கம் திரும்பாமல்.

"என் பஸ்லதான்."