மீதி மூன்று எழுத்து

ஜூன் 3

கோதுமைத் தவிடு ஒரு மூட்டை வந்தது. சலித்துத் தட்டுகளில் பரப்பினேன். காய்கறிக் கடைக்காரர் கேரட் தோலைச் சும்மாவே கொடுத்தார். "ஆடு வளக்கறீங்களாக்கா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பொய்தான், கடவுள் மன்னிக்கட்டும். மாவுப்புழு வளர்க்கிறேன் என்று சொன்னால் தோலும் கிடைக்காது, மரியாதையும் கிடைக்காது.

புழுவை வறுத்து அரைத்த தூளைத் தின்று கோழிகளின் உடம்பில் பளபளப்பு ஏறியிருக்கிறது. மீன்தூள் வாங்குவதை நிறுத்தியாயிற்று. வரவு செலவு நோட்டில் அந்த வரியையே இன்று அடித்தேன். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 8

துணி சோப்பு எடுக்கப் பின்கட்டு அறைக்கு அத்தை வந்துவிட்டார். என் கை முழங்கை வரை தட்டுக்குள் இருந்தது.

"அந்தக் கையாலதான் எங்களுக்குச் சோறு போடறியா?"

"சோப்பு போட்டுத் தேச்சுக் கழுவிட்டுத்தான் அத்தை அடுப்படிக்கே போறேன்."

"அழுக்குன்னா கழுவலாம்டி. இது அழுக்கா?"

சாயங்காலமே அடுப்படி சின்னவள் கைக்குப் போய்விட்டது. கொழுந்தன் வேலைக்காக வெளியூரில் இருப்பதால் அவன் மனைவி இங்கேதான் இருக்கிறாள். இனி நான் சமைத்ததை அத்தை தொடமாட்டாராம். நான் கொடுக்கும் தண்ணீர்கூட வேண்டாமாம்.

இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அம்மா மனசு கொஞ்சம் ஆறட்டும்" என்றார். சின்னவள் பரிமாறியதை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பதினாறு வருஷமாக என் கையில் சாப்பிட்ட மனுஷன்!

ஜூன் 9

ஆகாத மருமகள் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம். இப்போது பேர் பட்டாலும் குற்றம். "அந்தப் பேரு இந்த வீட்டுல என் காதுல விழக்கூடாது. எழுத்துலயும் இருக்கக்கூடாது" என்று உத்தரவு. புழு என்ற சொல்லுக்குத்தான் தடை. அது போடும் முட்டைக்குத் தடை இல்லை— புழு தின்ற கோழி போடும் முட்டையைச் சொல்கிறேன். அதை விற்று வரும் காசுக்கும் இல்லை.

தூள் டப்பாவில் மாவுப்புழு என்று மார்க்கரால் எழுதியிருந்தேன். பின்பாதியை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். புள்ளி வைத்த எழுத்தோடு சேர்த்து மூன்று எழுத்து போயிற்று. மாவு மட்டும் நிற்கிறது. பார்க்க நல்ல குடும்பத்து டப்பா மாதிரி இருக்கிறது.

ஜூன் 14

இன்று வறுக்கும் நாள். புழுக்களைப் பட்டினி போட்டு, வயிறு காலியானதும் கொதிக்கும் தண்ணீரில் கொட்டுகிறேன். ஒரு கணம்தான். பிறகு காயவைத்து, வறுத்து, அரைக்கிறேன். நூலகத்துப் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டது.

கொட்டுவதற்கு முன் கண்ணை மூடி நிற்பது பழக்கமாகிவிட்டது. இன்று மனதில் வந்தது இது: ஆண்டவனே, உன் படைப்பில் அற்பம் என்று ஒன்று உண்டா? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

ஜூன் 23

அத்தைக்குக் காய்ச்சல்.

ஜூலை 1

காய்ச்சல் விட்டும் அத்தையால் எழுந்து உட்கார முடியவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். உடம்பில் புரதமே இல்லை என்கிறார். முட்டை வாடை அத்தைக்கு ஆகாது, பால் குடித்தால் வயிறு கெடும், பருப்பு செரிக்காது. "எதையாவது உள்ள தள்ளுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எந்தக் கையால் தள்ளுவது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு மாதிரி இருக்கிறது. கோபம் இருக்கிறது, ஆனால் அத்தையின் மணிக்கட்டைப் பார்த்தால் அழுகையும் வருகிறது.

ஜூலை 4

விடாத மழை. பின்கட்டில் ஒழுகுகிறது. இவர் தூள் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படிப் பக்கத்துச் சாமான் அறையில் வைத்தார். "மேல்தட்டுல வைங்க" என்றேன். "சரி சரி" என்றார். இவருடைய சரி சரிக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியாதா?

ஜூலை 19

அத்தை வாசல்வரை நடந்தார். முகத்தில் தெளிச்சி வந்திருக்கிறது. டாக்டரே ஆச்சரியப்பட்டு, "என்ன குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

"மாவுக் கஞ்சிதான். எல்லாம் சின்னவளோட கைமணம்" என்றார் அத்தை. என் காதில் விழவேண்டும் என்றே சற்று உரக்க.

கைமணம். ஒரு காலத்தில் அந்தச் சொல் என்னுடையதாக இருந்தது. ஊறுகாய் போட்டால்கூட என்னைக் கூப்பிடுவார்களே.

ஜூலை 20

காலையில் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். அடுப்படியிலிருந்து ஒரு வாசனை வந்தது. வறுத்த வேர்க்கடலை மாதிரி, ஆனால் வேர்க்கடலை இல்லை. எனக்குத் தெரியாத வாசனையா அது? நான் வறுத்தது.

பாதியில் எழுந்து போய் வாசலில் நின்றபடியே பார்த்தேன். அடுப்பு மேடையில் என் டப்பா. மாவு. சின்னவள் ஸ்பூனால் எடுத்துக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த மாவும்மா அது?"

"சத்துமாவுதானேக்கா? சாமான் ரூம்ல இருந்துச்சு. அத்தை ரெண்டு கிண்ணம் குடிக்கறாங்க. தீந்துபோச்சுன்னா இன்னொரு டப்பாவும் அங்க இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பயம். பேரைத் தேய்க்கச் சொன்னது யார்? தேய்த்தது யார்?

அதே நாள், மதியம்

இவரிடம் சொன்னேன். முகம் வெளுத்துப்போனது. பிறகு, "சொல்லித் தொலைக்காத. அம்மா தேறிட்டு வராங்கல்ல" என்றார்.

"ஏமாத்தறது பாவம்ங்க."

"அப்ப நிறுத்திடு. படுத்துட்டாங்கன்னா அந்தப் பாவத்தை எங்க கொண்டுபோய்க் கழுவுவ?"

இவருக்கு இவ்வளவு வாய் இருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது. அடுப்படி என் கையைவிட்டுப் போன அன்று எங்கே போயிருந்தது இந்த வாய்?

அத்தைக்கென்று தனியாக ஒரு புழுத்தட்டு வைத்தேன். தவிட்டை இரண்டு தடவை சலித்தேன். கேரட்டைத் தோலாகப் போடாமல் முழுசாகவே நறுக்கிப் போட்டேன்.

ஆகஸ்ட் 11

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. சின்னவள் கடைக்குப் போயிருந்தாள். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பெரியவளே."

"என்னத்தை?"

"இந்தத் தடவை லேசா கருகிடுச்சு. தீயைக் குறைச்சு வறு."

துணி என் கையிலேயே நின்றுவிட்டது. நான் வறுத்தது என்று— "உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"எனக்கு என்னடி தெரியும்? மாவுன்னு எழுதியிருக்கு. மாவு."

கிண்ணத்தை வழித்துக் குடித்தார். அப்புறம் இருமல் வந்தது. ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து நீட்டினேன். இருமிக்கொண்டே தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

"அங்கயே வச்சிட்டுப் போ. சின்னவ வந்து குடுப்பா."

அவர் பயந்தது புழுவுக்கு இல்லை. புழு வயிற்றுக்குள் போகலாம். என் கைதான் எதிரில் வரக்கூடாது. எவ்வளவு நாளாகக் காத்திருந்தாரோ, என் கையை விலக்க ஒரு பேர் கிடைக்க வேண்டும் என்று! நான்தான் தவிடு போட்டு வளர்த்துக் கொடுத்திருக்கிறேன். பைத்தியக்காரி, தட்டு வேறு தனியாக வைத்தேனே—

ஆகஸ்ட் 12

இரவெல்லாம் பிரார்த்தித்தும் மனம் அடங்கவில்லை. கெட்டது நினைக்கவில்லை. நிஜத்தை மட்டும் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு எழுந்தேன்.

தீ குறைத்துப் பதமாக வறுத்து, அரைத்து, டப்பாவை நிரப்பினேன். மாவுக்குப் பக்கத்தில் மீதி மூன்று எழுத்தையும் எழுதினேன். கொட்டை எழுத்தில். எல்லோரும் பார்க்க அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வந்தேன்.

சின்னவள் படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அத்தை அறைக்கு ஓடினாள். சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஆகஸ்ட் 13

சத்தம் இல்லை. அடுப்படியிலிருந்து அதே வாசனை வந்தது.

ஆகஸ்ட் 30

டப்பா திரும்பி வந்தது. பின்கட்டு வாசற்படியில் இருந்தது. நன்றாகக் கழுவித் துடைத்திருந்தார்கள். மூன்று எழுத்து மட்டும் இல்லை. பக்கத்து எழுத்தில் கீறல்கூட விழாமல் பார்த்துப் பார்த்துத் தேய்த்திருக்கிறார்கள். மாவு அப்படியே இருக்கிறது.

சின்னவள் நிலைப்படியில் நின்று, "அக்கா, அத்தை நிரப்பித் தரச் சொன்னாங்க" என்றாள். என்னைப் பார்க்காமல்.

"சொல்லு. கஞ்சியாவே தரேன். என் கையால காய்ச்சி, நானே கொண்டுவந்து குடுக்கறேன்."

போனாள். திரும்பி வரவில்லை.

செப்டம்பர் 6

அத்தை இப்போது தெருமுனை வரை நடக்கிறார். பருப்பும் செரிக்கிறது. பதில் மட்டும் இன்னும் வரவில்லை.

தட்டுகளுக்குத் தவிடு மாற்றினேன். அத்தைக்கென்று வைத்த தட்டில் இருந்த புழுவையும் கோழிகளுக்கே போட்டேன். என் உள்ளங்கையிலிருந்தே கொத்தித் தின்றன.

திரும்பி வந்த அந்த மாவு டப்பாவில் ஊசியும் நூலும் போட்டு வைத்திருக்கிறேன்.