வற்றிய ஆற்றில் சொன்ன செய்தி

நேற்றுத் தபாலில் உன் தகரப் பெட்டி வந்தது. கடிதம் எதுவும் இல்லை; முகவரி மட்டும் உன் மனைவியின் கையெழுத்தில். உள்ளே, மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் நீ இறகாலும் நூலாலும் கட்டிய பொய் ஈக்கள். ஒன்றின் தூண்டில் முள் விரலில் ஏறி இரத்தம் வந்தது.

எண்பதுகளின் கடைசியில் லண்டனின் பார்க்கிங் என்ற பகுதியில் நாம் இருவரும் ஓர் அறையில் இருந்தோம். நீ மன்னார்க் கடலில் வலை இழுத்து வளர்ந்தவன். இங்கே பாண் சுடும் தொழிற்சாலையில் உன்னோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து ட்ரவுட் மீன் பிடிக்கும் பைத்தியம் உனக்குத் தொற்றியது. தன் மீன்பிடிக் கழகத்துக்குரிய ஆற்றில் ஒரு நாள் தூண்டில் போட அவர் அனுமதி வாங்கித் தந்ததிலிருந்து உனக்கு வேறு பேச்சே இல்லை.

நாம் அந்த ஆற்றுக்குப் போகவிருந்த ஞாயிறு காலை நீ குளித்துக்கொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து உன் மாமா தொலைபேசியில் வந்தார். "அவன்ர தாய் மோசம் போயிட்டா. அடக்கமும் முடிஞ்சுது. பக்குவமாச் சொல்லு தம்பி." சண்டைக்குள் மன்னாரிலிருந்து செய்தி கொழும்புக்கு வரவே ஐந்து நாளாகியிருந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, பின்னேரம் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ தலை துவட்டியபடி வந்து, "ஆர் போனில?" என்றாய்.

"பிழையான நம்பர்," என்றேன்.

மழையில்லாத கோடை. ஆறு கணுக்காலளவுக்கு வற்றியிருந்தது. மீன்களெல்லாம் மரநிழலில் மிஞ்சிய ஒரு குழிக்குள் ஒதுங்கியிருந்தன. "எங்கட நிழல் விழுந்தாலே ஓடிடும் மச்சான், குனி," என்று நீ முழங்காலில் ஊர்ந்தாய். மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு ஒன்று ஈயைக் கவ்வியது.

பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்பது கழகத்தின் விதி. சூடேறிய தண்ணீரில் போராடிக் களைத்த மீனால் நீந்த முடியவில்லை. அதன் தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தபடி நீ நிமிர்ந்து சிரித்தாய். "அம்மாவுக்கு எழுதவேணும். பிடிச்ச மீனைப் பிழைக்கவைக்கிறன் எண்டா, உனக்கென்ன விசரோ எண்டு கேப்பா."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சொன்னேன்.

நீ கையை எடுக்கவில்லை. மீனைப் பார்த்தபடியே, "காலமை வந்த போனோ?" என்றாய்.

"ஓம்."

மீன் சரிந்து வெள்ளை வயிறு தெரிந்தது. "நான் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சதை நீ பாத்துக்கொண்டு நிண்டனி," என்றாய்.

அடுத்த மாதம் அறையை விட்டு லண்டனின் மறுபக்கம் கிங்ஸ்பரிக்குப் போய்விட்டாய். கலியாணத்துக்கும் மகளின் ஞானஸ்நானத்துக்கும் அழைத்தாய். அந்த நாளைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் பேசவில்லை.

இந்த மாசியில் நீ நோயில் கிடந்த ஆஸ்பத்திரியின் வாசலில் உன் மனைவி என்னை மறித்தாள். "ஒரு மாசம்தான் எண்டு டொக்டர் சொன்னவர். அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. ஈஸ்டர் வரைக்குமாவது நிம்மதியா இருக்கட்டும்." தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். "டொக்டர் என்ன சொன்னவர்? உனக்குத் தெரியும்."

ஒரு மாதம் என்றேன். நீ கோபிக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். பதினொரு நாளில் போய்விட்டாய். அந்தப் பதினொரு நாளும் நீ மகளுடன்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை என்று செத்தவீட்டில் எல்லோர் முன்னிலையிலும் உன் மனைவி என்னிடம் சொன்னாள்.

அன்று ஆஸ்பத்திரியில் உனக்காகத்தான் சொன்னேனா, இல்லை என் பாரத்தை இறக்கி வைத்தேனா என்று இன்னும் தெரியவில்லை. கேட்டால் நேராகச் சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான்.